பயணப் பை: சாவிக்கொத்து வேண்டாம், வேறென்ன வாங்கி வரலாம்?

விடுமுறைக்கு வெளிநாடு கிளம்புகிறவர்கள் இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். விசா, டிக்கெட், ஓட்டல் பற்றியெல்லாம் கேள்வியே இல்லை. திரும்பி வரும்போது என்ன வாங்கி வருவது, அது அசல்தானா, நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: கணவர், குழந்தைகளோடு ஆறு நாள் சிங்கப்பூர், மலேசியா போகிறோம். இரண்டு பக்கத்துச் சொந்தம், அக்கம்பக்கம், ஆபீஸ் என்று இருபது பேருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டும். இதற்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. என் நாத்தனார் துபாயிலிருந்து ஆசையாக வாங்கி வந்த ஒட்டகப் பொம்மையின் அடியில் 'மேட் இன் சைனா' என்று இருந்தது. அப்படி ஆகாமல் என்ன வாங்கலாம்?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ஆளுக்கு நானூறு ரூபாய் வருகிறது. அது குறைந்த பணம் இல்லை, இருபது பேருக்கும் ஒரே பொருளை வாங்க நினைத்தால்தான் பத்தாது. நெருங்கின நாலைந்து பேருக்குத் தனித்தனியாக யோசித்து வாங்குங்கள், மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய ஒன்றை மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

எந்த ஊரானாலும் கடையில் கையை நீட்டும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: இந்த ஊர்க்காரர் இதைத் தன் வீட்டுக்கு வாங்குவாரா? சிங்கத் தலையும் மீன் உடம்புமாக இருக்கிறதே மெர்லயன், அது 1964-ல் சிங்கப்பூர் சுற்றுலா வாரியத்துக்காக வரைந்த சின்னம். அதைச் சாவிக்கொத்தாகவும் ஃப்ரிட்ஜ் மேக்னட்டாகவும் அள்ளுகிறவர்கள் நம்மைப் போலச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள்தான். சிங்கப்பூர்க்காரர் வீட்டு அலமாரியில் இருப்பது கோடாலித் தைலம். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த அதே தைலம்தான். 1928-ல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி, இன்றும் அங்கே மருந்துக் கடைகளில் விரல் நுனி அளவுக் குப்பியிலிருந்து பெரிய பாட்டில் வரை வைத்திருக்கிறார்கள். பர்மா பஜாரிலேயே கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு 'சிங்கப்பூரிலிருந்தே வந்தது' என்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதைக் கொடுக்க இவ்வளவு குறைந்த விலையில் வேறு பொருள் எனக்குத் தெரியாது. இருபது பேரில் பத்துப் பேர் இதிலேயே முடிந்துவிடுவார்கள்.

அப்புறம் காபி. அங்கே காபிக் கடைகளில் போடும் தூள் நம் ஃபில்டர் காபித் தூளிலிருந்து ரொம்பவே வேறு. பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டை, அதை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துவிடுவார்கள், சர்க்கரை கருகிக் கொட்டை மேல் பூசிக்கொண்டு தூள் கன்னங்கரேலென்று இருக்கும், பாக்கெட்டைப் பிரித்தால் காபி வாசனைக்கு முன்னால் கருகின பாகு வாசனைதான் மூக்கில் ஏறும். கம்பி வளையத்தில் தைத்த நீளமான துணிப் பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வடித்து, கண்டென்ஸ்டு மில்க் கலந்து குடிப்பார்கள். அந்தத் துணிப் பையையும் ஒரு பாக்கெட் தூளையும் சேர்த்துக் காபிப் பிரியரான மாமனாருக்கோ அண்ணனுக்கோ கொடுத்துப் பாருங்கள், ஒரு வாரத்துக்கு வீட்டில் வேறு பேச்சு இருக்காது. இரண்டும் சூப்பர் மார்க்கெட்டிலோ லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தை பக்கத்துப் பலசரக்குக் கடையிலோ வாங்கலாம். தூள் பாக்கெட்டுக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் பெட்டியில் இருக்கிற துணி முழுக்க அந்த வாசனைதான்.

மலேசியாவில் பினாங்கு போவதாக இருந்தால் ஜாதிக்காய்ச் சரக்குகளைப் பாருங்கள். அங்கே ஜாதிக்காயின் சதைப் பகுதியைச் சர்க்கரையில் போட்டு உலர்த்தி மிட்டாய் மாதிரி விற்பார்கள், எண்ணெயும் தைலமும் எடுப்பார்கள். கோலாலம்பூரோடு சரி என்றால் பாத்திக் துணி. கைக்குட்டை, ஸ்கார்ஃப் அளவில் வாங்கினால் பட்ஜெட்டுக்குள் அடங்கும். 1888-ல் சந்தையாகத் தொடங்கி இப்போது கைவினைக் கடைகளாக இருக்கிற சென்ட்ரல் மார்க்கெட்டில் நிறைய ரகம் உண்டு. ஆனால் துணியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மெழுகு வைத்துச் சாயம் தோய்த்த பாத்திக்கில் சாயம் நூலுக்குள் இறங்குவதால் முன்பக்கமும் பின்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தமாக இருக்கும், மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மயிரிழை மாதிரிக் கோடுகள் ஓடியிருக்கும். மெஷினில் அச்சடித்ததில் பின்பக்கம் வெளுத்திருக்கும், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் துளி வித்தியாசம் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜி.எஸ்.டி. திருப்பித் தருவார்கள், அதற்குக் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியிருக்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டுக்கு அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம், வரியைத் திருப்பி வாங்குவதற்காகத் தேவையில்லாததையும் சேர்த்து வாங்கினவர்கள் எத்தனையோ பேர்.

கேள்வி: இலங்கைக்குப் போகிறோம், கொழும்பு, கண்டி, நுவரெலியா. தேயிலையும் பட்டையும் வாங்க ஆசை. எல்லாக் கடையிலும் 'அசல் சிலோன்' என்றுதான் எழுதியிருக்கும் என்கிறார் போய் வந்த நண்பர். எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: தேயிலைக்கு ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. பாக்கெட்டில் வாள் ஏந்திய சிங்கச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைத் தேயிலைச் சபையின் சின்னம் அது. வேற்று நாட்டுத் தேயிலை கலக்காமல், இலங்கையிலேயே பாக்கெட் போட்டால்தான் அதைப் போட அனுமதி. அதற்காக அலங்காரமான மரப்பெட்டித் தேயிலையைத் தேடாதீர்கள், அதில் பாதி விலை பெட்டிக்குத்தான். கார்கில்ஸ், கீல்ஸ் மாதிரியான அங்குள்ள சூப்பர் மார்க்கெட்டில், உள்ளூர்க்காரர் மாதச் சாமான் வாங்குகிற அதே அலமாரியில், சிங்கச் சின்னத்தோடு கால் கிலோ, அரை கிலோ பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கும்.

எந்தத் தேயிலை என்பதுதான் முக்கியம், இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நுவரெலியா தேயிலை உயரத்தில் விளைவது, நிறம் வெளிர், மணம் நுட்பம். அதைப் பால் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஒன்றுமே தெரியாது, நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்தது சப்பென்று இருக்கிறது என்று இங்கே குறைப்படுகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இதுதான். நம் வீட்டுப் பால் டீக்குத் தெற்கே தாழ்வான பகுதியில் விளைகிற ருகுணு தேயிலை, அல்லது பி.ஓ.பி.எஃப். என்று போட்டிருக்கிற சின்ன இலை ரகம் சரியாக இருக்கும், திக்காக இறங்கும். பால் இல்லாமல் குடிக்கிறவருக்கு நுவரெலியாவோ, இன்னொரு மலைப் பகுதியான ஊவாவின் தேயிலையோ வாங்குங்கள். ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்றடிக் காலத்தில் பறித்த இலைக்குத் தனி வாசனை, நாக்கில் லேசாகப் புதினா குளிர்ச்சி தட்டும்.

நுவரெலியா போகிற வழியில் தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். வாடப்போடுகிற தட்டு, உருட்டுகிற மெஷின், சலிக்கிற இடம் எல்லாம் பார்த்துவிட்டு அங்கேயே வாங்கினால் குழந்தைகளுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டி பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிடத் தொடங்கியதிலிருந்து அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்களின் வழி வந்தவர்கள். ஊருக்கு வந்து பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். வெறும் டீத்தூளாகக் கொடுக்க வேண்டிய பொருள் இல்லை அது.

பட்டைக்கு உங்கள் விரலே போதும். நாம் பிரியாணிக்குப் போடுகிற பட்டையில் பெரும்பாலானது காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. தடியாக, மரத்துண்டு மாதிரி கெட்டியாக, ஒரே மடிப்பாக இருக்கும். இலங்கைக் கறுவா காகித மெல்லிசில் பல அடுக்காகச் சுருண்டு சுருட்டு மாதிரி இருக்கும், இரண்டு விரலால் அழுத்தினால் நொறுங்கும், வாயில் போட்டால் காரம் குறைவு, இனிப்பு தூக்கல். சுருள் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு உசத்தி. 'ஆல்பா' என்கிற மிக மெல்லிய ரகம்தான் விலையில் முதலிடம், அதற்கு அடுத்தடுத்த சி-5, சி-4 ரகங்களே வீட்டுக்குத் தாராளம். ஒவ்வொரு சுருளும் மரத்திலிருந்து கையால் உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்தியது. 2022-ல் ஐரோப்பிய யூனியன் 'சிலோன் சின்னமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. பொடியாக விற்பதை வாங்காதீர்கள், பொடியில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நூறு கிராம் சுருள் வாங்கினால் நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

கேள்வி: மாலத்தீவில் கடற்கரையில் கிடக்கிற சிப்பி, பவளத் துண்டுகளை எடுத்து வரலாமா? காசே இல்லாத நினைவுப் பொருள் இல்லையா?
— ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: வேண்டாம். பவளப்பாறையின் துண்டு, ஆமை ஓடு இவற்றையெல்லாம் அங்கிருந்து கொண்டு வரத் தடை இருக்கிறது, இங்கே இறங்கினாலும் வன உயிரினச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். செத்த பவளம்தானே என்ற வாதம் சுங்கத்தில் எடுபடாது. மாலத்தீவுக்கே உரியது வேண்டுமென்றால் கத்தூ தீவுப் பெண்கள் கோரையில் நெய்கிற துண்டுகுனா பாய் இருக்கிறது, சின்ன அளவிலும் நெய்கிறார்கள். துலாதூ தீவில் மரத்தைக் கடைந்து கறுப்பு, சிவப்பு, மஞ்சள் அரக்குப் பூசிச் செய்கிற சின்னச் சிமிழ்களும் உண்டு. விமான நிலையக் கடையில் தேடுவதைவிட மாலே நகரத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: தாய்லாந்தில் புத்தர் சிலை வாங்கி ஹாலில் வைக்க ஆசை. அம்மாவுக்குப் பட்டும் வாங்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: புத்தர் சிலையை விட்டுவிடுங்கள். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே கொண்டுபோக அங்குள்ள நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், கடைக்காரர் பில் கொடுத்துவிட்டார் என்பது மட்டும் போதாது. அதைவிடப் பெரிய காரணம், அந்த மக்களுக்கு அது கும்பிடுகிற சாமி, அலங்காரப் பொருள் இல்லை. புத்தரை அலங்காரத்துக்கு வைக்காதீர்கள் என்று பாங்காக்கில் பெரிய பலகைகளே வைத்திருந்தார்கள். தலையை மட்டும் தனியாகச் செய்து விற்கிறார்களே, நம் சாமியை யாராவது அப்படி வரவேற்பறையில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பட்டுக்கு மயில் முத்திரையைத் தேடுங்கள். தாய்லாந்து அரசு கொடுக்கிற முத்திரை, நாலு நிறத்தில் வரும். தங்க மயில் என்றால் பழைய முறைப்படி உள்ளூர்ப் பட்டில் கையால் நெய்தது, அடுத்தது வெள்ளி, நீலம். பச்சை மயில் இருந்தால் பட்டோடு வேறு நூலும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பச்சை போலி இல்லை, ஆனால் முழுப்பட்டு விலை கொடுக்காதீர்கள். அம்மாவுக்குப் புடவை அளவுக்குத் தேட வேண்டாம், காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும்போது அங்கே போய்ப் புடவைக்குச் செலவழிப்பானேன், ஒரு சால்வை போதும்.

கைப்பொருள்களுக்கு ஓடாப் என்ற முத்திரையும் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென்று ஒரு பொருளைச் செய்து விற்க 2001-ல் அந்த நாட்டு அரசு தொடங்கிய திட்டம், தரத்துக்கு ஏற்ப ஐந்து நட்சத்திரம் வரை போடுவார்கள். நண்பர்களுக்கென்றால் மூக்கில் வைத்து உறிஞ்சுகிற கற்பூர மணக் குழாய் வாங்குங்கள். பஸ்ஸிலும் ஆபீஸிலும் தாய்லாந்துக்காரர் கையில் எப்போதும் இருப்பது அதுதான், செவன் இலெவன் கடையிலேயே மிகக் குறைந்த விலையில் கிடைக்கும்.

கேள்வி: இஸ்தான்புல் கடைத்தெருவில் 'துருக்கி நெசவு' என்று சொல்லிக் கொடுத்த ஸ்கார்ஃபை வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே 'மேட் இன் இந்தியா' லேபிள். மனசே விட்டுப்போச்சு. தங்கை அடுத்த மாதம் அங்கே போகிறாள், அவளாவது ஏமாறக் கூடாது.
— ஒரு வாசகி, மந்தைவெளி

பதில்: ஸ்கார்ஃபைத் தூக்கிப் போடாதீர்கள், நம் ஊர் நெசவாளி ஒருவர் செய்தது, கட்டிக்கொள்ளுங்கள். ஏமாற்று வேலை லேபிளில் இல்லை, அதை மறைத்துச் சொன்ன வார்த்தையில்தான் இருக்கிறது. தங்கையிடம் தையல் ஓரத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், லேபிளை வெட்டி எடுத்த தடம் இருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

துருக்கியில் துணிதான் வேண்டும் என்றால் டெனிஸ்லி பக்கம் நெய்கிற பெஷ்டமால் வாங்கச் சொல்லுங்கள். குளியல் துண்டு, மெல்லிசு, சீக்கிரம் காய்ந்துவிடும், சென்னை மழைக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான துண்டு இல்லை. ஆனால் நான் சொல்வது தேநீர்க் கிளாஸ். நடுவில் இடுப்பு ஒடுங்கின சின்னக் கண்ணாடிக் கிளாஸ், துருக்கியில் வீடு, கடை, படகு எங்கே போனாலும் அதில்தான் டீ தருவார்கள். 1935-ல் தொடங்கிய பாஷாபாச்சே என்ற அந்த நாட்டுக் கண்ணாடிக் கம்பெனி செய்வது சூப்பர் மார்க்கெட்டில் ஆறு கிளாஸ் பெட்டியாகக் கிடைக்கும். டூரிஸ்ட் கடையில் தங்கக் கோடு போட்டு விற்பது வேண்டாம், கோடு இல்லாத சாதா கிளாஸ்தான் அங்கே புழங்குவது. கூடவே கருங்கடல் ஓரத்து ரிஸே தேயிலை ஒரு பாக்கெட். காபிப் பிரியர் இருந்தால் மசாலா பஜார் பக்கத்தில் 1871-லிருந்து இருக்கிற மெஹ்மத் எஃபெந்தி காபிக் கடை, வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்.

கேள்வி: துபாயில் தங்கம் வாங்கினால் லாபமா? இல்லாவிட்டால் வேறென்ன?
— ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: ஒரு வாரம் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு நான் தங்கத்தைச் சொல்ல மாட்டேன். சுங்கத்தில் நகைக்கென்று இருக்கிற தனிச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான். வாங்கியே தீருவீர்கள் என்றால் கிளம்பும் முன் சுங்கத் துறை இணையதளத்தில் அன்றைய விதியைப் படித்துவிட்டு, பில்லைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பேரீச்சை வாங்குங்கள். அஜ்வா மதீனாவின் பேரீச்சை, அது துபாயில் விளைவதில்லை. பக்கத்து அபுதாபியில் அல் ஐன், லிவா தோப்புகளில் விளைகிற கலாஸ், ஃபர்த், லுலு என்று ரகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பெட்டி கட்டாமல் எடை போட்டு வாங்கினால் விலை நன்றாகக் குறையும். குங்குமப்பூ துபாயில் விலை சகாயம்தான், ஆனால் அது ஈரானில் விளைந்தது, அதைத் துபாய்ப் பொருள் என்று கொடுக்காமல் ஈரான் குங்குமப்பூ என்றே சொல்லிக் கொடுங்கள். இழையாக வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் நிறம் மெல்ல இறங்கி இழை சிவப்பாகவே நிற்க வேண்டும், போட்ட உடனே தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம்.

கேள்வி: கைவினைஞரிடம் நேரே வாங்கும்போது பேரம் பேசலாமா? பேசாவிட்டால் ஏமாளி என்கிறார் கணவர்.
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: ஒரே மாதிரிப் பொம்மை பத்துக் கடையில் தொங்குகிற தெருவில் தாராளமாகப் பேசுங்கள், கடைக்காரரே அதை எதிர்பார்த்துத்தான் விலை சொல்கிறார். செய்தவரே உட்கார்ந்து விற்கிற இடத்தில் விலையை அடித்து நொறுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாமல்லபுரத்தில் கல்லைக் கொத்திக்கொண்டிருக்கிறவரிடம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டால் நமக்குச் சுருக்கென்கிறது இல்லையா? பெரியது கட்டுப்படியாகவில்லை என்றால் அவரிடமே சின்னது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை மூன்று எடுத்தால் கொஞ்சம் குறைப்பீர்களா என்று கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே குறைப்பார்கள். ஜப்பானில் மட்டும் கடைகளில் பேரம் பழக்கமே இல்லை, அங்கே கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

கேள்வி: பையன் காலேஜ் டூரில் பிரான்ஸ், இத்தாலி போகிறான். அவன் கையில் அதிகப் பணம் இருக்காது. என்ன வாங்கி வரச் சொல்லலாம்?
— ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: பிரான்ஸில் மார்சேய் சோப்பு. சதுரக் கட்டியாக, பச்சையாகவோ வெளிர் நிறத்திலோ, வாசனையும் சாயமும் சேர்க்காமல், எண்ணெய் 72 சதவீதம் என்று சோப்பிலேயே முத்திரை குத்தியிருக்கும். ரோஜா மணம், லாவெண்டர் மணம் என்று கலர் கலராக அடுக்கியிருப்பது அந்தப் பழைய முறைச் சோப்பு இல்லை. இத்தாலியில் வெனிஸ் போனால் அங்குள்ள முரானோ தீவில் செய்கிற கண்ணாடியில் ஒரே ஒரு பாசிமணி போதும், கடை வாசலில் 'வெட்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ' முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். அந்த ஊரில் மலிவாக அள்ளி விற்கிற கண்ணாடியில் நிறைய வெளியிலிருந்து இறக்கினது.

கேள்வி: சென்னையிலிருந்து நேரே விமானத்தில் யாழ்ப்பாணம் போகிறோம். கடைக்குப் போக ஒரு மாலைதான் கிடைக்கும். ஒரே ஒரு பொருள் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, வளசரவாக்கம்

பதில்: பனங்கட்டிக் குட்டான். பனை ஓலையில் பின்னின உள்ளங்கை அளவுச் சின்னப் பெட்டிக்குள்ளேயே பனங்கட்டியை, அதாவது நம் கருப்பட்டியை, ஊற்றி இறுக விட்டிருப்பார்கள், பெட்டியும் பண்டமும் ஒரே பனையிலிருந்து வந்தது. சந்தையிலும் கிடைக்கும், பனை அபிவிருத்திச் சபையின் 'கற்பகம்' கடையிலும் கேளுங்கள். அங்கேயே பினாட்டும் (பனம்பழக் களியைக் காயவைத்தது) ஒடியல் மாவும் (காய்ந்த பனங்கிழங்கு மாவு) வைத்திருப்பார்கள், ஒடியல் மா வாங்கினால் ஒடியல் கூழுக்குப் பக்குவத்தையும் அங்கேயே யாரிடமாவது கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். குட்டான்களைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னை வெக்கையில் வெளியே வைத்தால் இரண்டே நாளில் கசியும்.